பலியாட்டுக்குப் பதவி உயர்வு

அன்றைக்கும் என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள். காரணம், மேல்மாடியில் ஒருவருடைய குளியலறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை.

குழாய்க்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. நான் ஹோட்டல் வரவேற்புக் கவுண்டரில் நிற்பவன். சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன், நடுவில் சிரிப்பேன். ஆனால் அந்த மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழேயே இறங்கி வந்துவிட்டார்.

"யாருய்யா இங்க பொறுப்பு?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஹோட்டலில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. மேலாளர் உள்ளே இருந்து ஓடி வருவார். விருந்தினர் சொல்வதை முழுக்கக் கேட்பார். கண்ணை மூடித் திறப்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? அட்டையைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

நான் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி கவுண்டர்மேல் வைப்பேன். தலையைக் குனிவேன். பின்வழியாகப் போய்ச் சலவை அறையில் உட்கார்ந்து டீ குடிப்பேன். அந்த விருந்தினர் அறையைக் காலி செய்யும்வரை எனக்கு உள்ளே தொலைபேசி வேலை. அவர் கார் தெருமுனை திரும்பியதும் அட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் சிரிப்பேன்.

எங்களுக்குள் இதற்குப் பெயர் ஆடு வெட்டுவது.

வெந்நீர் கேட்டு வந்தவர்களுக்கு உண்மையில் வெந்நீர் வேண்டியதில்லை. ஒருவன் பிழைப்பில் மண் விழுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். பார்த்தால் போதும், குளிர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு வந்தவரும் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டுப் போனதாக அறை சுத்தம் செய்பவர்கள் சொன்னார்கள்.

முன்பெல்லாம் ஆடு நான் இல்லை. சலவைப் பிரிவில் ஒருவர் இருந்தார். அவருக்கு நடிப்பு கொஞ்சம் தூக்கல். ஒருமுறை விருந்தினர் காலைப் பிடித்துக் கதறியதில் ஷூ கையோடு வந்துவிட்டது. பிறகு கவுண்டரில் என் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு வாய் நீளம். எல்லோருக்கும் அவள் வாயாடி. வெட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். தோள் குலுங்கும். விருந்தினர்கள் அதை அழுகை என்று நம்பினார்கள். கொஞ்ச காலம் அதுவும் ஓடியது.

அப்புறம் என் மனைவி இறந்தாள். மூளையில் ஒரு நரம்பு. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் மாலையில் இல்லை.

விடுப்பு முடிந்து வந்து நின்றேன். யாரோ ஒருவர் எதற்கோ கத்தினார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பல் பிடுங்குமுன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதன்பின் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. தட்டுவது தெரிகிறது. கன்னம் யாருடையது என்று தெரியவில்லை.

அந்த முகத்தைக் கண்டுபிடித்தவர் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. எதைச் சொன்னாலும் முதலில் நனைத்த பஞ்சால் தடவுவதுபோல் இதமாக ஆரம்பிப்பார். ஊசி பின்னால் வரும்.

"தம்பி, உன் மூஞ்சியில ஒரு இது இருக்கு" என்றார்.

"எது சார்?"

"சொல்லத் தெரியல. பார்த்தா வயித்தைப் பிசையுது. அதை வீணாக்கிடாதே."

வீணாகவில்லை. அதற்குப் பிறகு ஆடு நான்தான்.

நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்தார். வகுப்பின் பெயர், 'உணர்ச்சியை வெல்வோம், உயரத்தைத் தொடுவோம்'. ஆளுக்கு ஒரு பலூன் கொடுத்தார். உள்ளே இருக்கும் கோபத்தையெல்லாம் அதில் ஊத வேண்டுமாம். சமையல்காரர்கள் இரண்டு பேர் ஊதி வெடிக்க வைத்தார்கள். வாயாடி என் காதருகே வந்தாள்.

"அண்ணா, என் பலூன்ல அந்தம்மா பேரை எழுதிக்கட்டுமா?"

எனக்கு ஊதுவதற்குக் கோபம் இல்லை. வெறும் காற்றைத்தான் ஊதினேன். பலூன் அளவாக, அழகாக வந்தது. பயிற்சியாளர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க, எவ்வளவு நிதானம்! உங்க டெக்னிக் என்ன, சொல்லுங்களேன்?"

நான் வாயைத் திறக்குமுன் பஞ்சு எழுந்து நின்றார். "மேடம், அவருக்கு மனைவி தவறிட்டாங்க."

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துப் பலகையில் எழுதினார். இடப்பக்கம் 'இழப்பு'. வலப்பக்கம் 'நிதானம்'. நடுவில் ஒரு அம்புக்குறி. என் மனைவிக்குக் கிடைத்த மரியாதை அந்த அம்புக்குறிதான்.

"இதுதான் வளர்ச்சி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் பஞ்சு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விருந்தினர் உறவு அதிகாரி என்று ஒரு பதவி காலியாக இருந்தது.

"உன் பேரைத்தான் மேல அனுப்பியிருக்கேன். இந்த மாசம் முடியறவரைக்கும் ரேட்டிங் குறையாம பார்த்துக்கோ. நாற்காலி உனக்குத்தான்."

அந்த நாற்காலி இருக்கும் அறையை எனக்குத் தெரியும். சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஆனால் கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. நான் சம்பளத்தைப் பற்றி யோசிக்கவில்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று யோசித்தேன். பகல் முழுக்கத் திறந்த கவுண்டர். மாலையில் வீடு; வீடென்றால் ஒரே அறை, அதில் மாமா.

மாமா என் மனைவியின் அப்பா. லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் ஒரே பெண் என்பதால் எங்களோடு இருந்தார். அவள் போன பிறகு யார் யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது. போகச் சொல்ல வேண்டிய ஆள் அவள்தான்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கும் தலை போச்சா?" வெந்நீர் நாளன்று செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"போச்சு மாமா."

"எதுக்கு?"

"வெந்நீர் வரல."

"லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டுப் பாதி நாள் கிடந்தப்பகூட என்னை ஒருத்தன் இப்படிப் பேசினதில்ல. வாயைத் திறந்தா ஸ்பேனரைக் காட்டுவேன்."

"என்கிட்ட ஸ்பேனர் இல்ல மாமா."

"அதான் மூஞ்சியிலயே தெரியுதே."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பிறகு அவர் அந்தச் சுவரைப் பார்த்துப் படுப்பார், நான் இந்தச் சுவரைப் பார்த்துப் படுப்பேன்.

அந்த மாதத்தில்தான் பஞ்சு தொழிலில் ஒரு படி முன்னேறினார். ஒரு வியாபாரி, ஏசி சத்தம் போடுகிறது என்று வந்தவர், என் தலை விழுந்ததும் பதறிப்போனார். "ஐயோ, இதுக்குப் போயா வேலையை விட்டு எடுப்பாங்க?" பஞ்சு அவர் தோளோடு தோள் உரச நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். "என்ன சார் பண்றது. பாவம், போன மாசம்தான் சம்சாரம் தவறிட்டாங்க. அதுலேர்ந்து ஆளு இப்படி."

வியாபாரிக்குக் கண் கலங்கியது. எனக்காக மன்றாடினார். பஞ்சு யோசிப்பதுபோல் யோசித்து என்னை மன்னித்தார். வியாபாரி அங்கேயே நின்று போனை எடுத்து ஐந்து நட்சத்திரம் போட்டார். ஏசி அன்று இரவும் சத்தம் போட்டது. அவர் புகார் செய்யவில்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதருக்குத் தூக்கம் தானாக வரும்.

பஞ்சுவுக்கு ருசி கண்டுவிட்டது. வெட்டு, காதோடு கதை, மன்னிப்பு, நட்சத்திரம். இதுதான் இனி முறை. நான் சலவை அறைக்குப் போய் ஒளிய வேண்டிய வேலையும் மிச்சம். அவள் இறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. ஆனால் எங்கள் லாபியில் என் மனைவி எப்போதும் போன மாதம்தான் இறந்தாள். கதைக்குக் கையும் காலும் முளைத்தன. முதலில் ஒரு கைக்குழந்தை பிறந்தது. எங்களுக்குக் குழந்தை கிடையாது.

"அண்ணா, நேத்து நீங்க உள்ள இருந்தப்ப உங்களுக்கு ரெட்டைக் குழந்தை" என்றாள் வாயாடி.

"ஆணா, பொண்ணா?"

"அதைக் கேக்கல. ஸ்டார் அஞ்சு விழுந்துச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று இருந்தது. மாதம் முடியட்டும், கதவு வரட்டும் என்று இருந்தேன். நட்சத்திரங்களும் குறையாமல் விழுந்தன. பஞ்சு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வா, அதிகாரி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு நடுவயது அம்மா கவுண்டருக்கு வந்தார். கையில் சாம்பல் நிறக் கோட்டு. முதுகில், அயர்ன் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கறை. அன்று அவருக்கு ஏதோ ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. கத்தவில்லை. கோட்டைக் கவுண்டர்மேல் விரித்து வைத்தார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

பஞ்சு ஓடி வந்தார். கண்ணை மூடித் திறந்தார். என் பக்கம் திரும்பினார். அட்டை, வாசப்படி, எல்லாம் வரிசையாக வந்தன. நான் அட்டையைக் கழற்றி வைத்தேன்.

அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, பஞ்சுவையும் பார்க்கவில்லை. "யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நான் கேக்கலையே. என் கோட்டு கருகியிருக்கு. அதுக்குப் பதில் சொல்லுங்க."

இப்படி ஒரு விருந்தினர் எங்களுக்குப் பழக்கமில்லை. பஞ்சு தடுமாறினார். காதோடு சொல்லும் கதையைச் சத்தமாகவே எடுத்தார்.

"மேடம், இவரு நிலைமையையும் பாருங்க. போன மாசம்தான் மனைவி தவறிட்டாங்க. எப்பேர்ப்பட்ட பொண்ணு தெரியுமா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து இவருக்குச் சமைச்சு டப்பா கட்டிக் கொடுத்து, வாசல்ல நின்னு வழியனுப்புவாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல மேடம். அன்பே உருவான பொண்ணு."

முகம் சுளித்ததில்லை.

கைக்குழந்தை பிறந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இரட்டை பிறந்தபோதும் ஆகவில்லை. இதற்கு ஆனது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூக்கின் மேல் இரண்டு கோடும் வலது ஓரத்தில் மட்டும் ஏறும் உதடுமாக அந்தச் சுளிப்பு எனக்கு எதிரே வந்து நின்றது. ஒரு வருடமாக வராதது.

"இல்ல மேடம்" என்றேன்.

"என்ன இல்ல?" என்று பஞ்சு கேட்டார்.

நான் அந்த அம்மாவிடம்தான் பேசினேன். "அவளுக்கு விடியக்காலைல எழுந்திருக்கவே பிடிக்காது. ரெண்டு பேருக்கும் டப்பா நான்தான் கட்டுவேன். உப்பு இல்லன்னு மத்தியானம் போன் பண்ணித் திட்டுவா. எல்லாத்துக்கும் முகம் சுளிப்பா. மழை பெஞ்சா சுளிப்பா, வெயில் அடிச்சா சுளிப்பா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கும் சுளிப்பா. அவ செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்களுக்குக் குழந்தை கிடையாது. இவர் சொல்ற பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியாது."

"தம்பி..." என்றார் பஞ்சு.

"உங்க கோட்டைக் கருக்கினது நான் இல்ல மேடம், எங்க அயர்ன் பெட்டி. அதுல சூட்டைக் குறைக்கவே முடியலன்னு சலவைக்காரங்க சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. மாத்தல. என்னை வெட்டறதுக்கு இவங்களுக்குச் செலவு கிடையாது. பெட்டிக்குச் செலவு."

குரல் நடுங்கியது. சத்தம் கூடுதலாகவே வந்திருக்க வேண்டும். சோபாக்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தார். "வேலையை விட்டு எடுத்ததுகூட நாடகம்தானா?"

"ஆமா மேடம். தினம் நடக்கும்."

அவர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

பஞ்சு என்னை உள்ளே இழுத்துப் போனார். பஞ்செல்லாம் தீர்ந்துபோய் வெறும் ஊசிதான் இருந்தது. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? நாளைக்குக் கையெழுத்தாக வேண்டிய பதவிடா. நாக்குல சனியை வெச்சுக்கிட்டு அலையறே. போ. இது நாடகம் இல்ல. போ."

போனேன்.

பட்டப்பகலில் வீட்டுக்குப் போனது மாமாவுக்கு ஆச்சரியம். உள்பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"என்ன, இன்னைக்குச் சீக்கிரமே வெட்டிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். இதற்குமுன் நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கேட்கக் கேட்க அவர் கையில் இருந்த திருப்புளி நின்றுவிட்டது. பதவி போனதற்கு வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"அவ முகம் சுளிப்பான்னு வழியில போறவங்ககிட்டப் போயா சொன்னே?"

"சுளிப்பா தானே மாமா?"

"சுளிப்பா. அது நமக்குள்ள. ஊருக்கு எதுக்கு?"

"அவர் சொன்னது பொய் மாமா."

"பொய்தான். நல்ல பொய். செத்தவளைப் பத்தி ஒருத்தன் நல்லவிதமா நாலு வார்த்தை சொன்னா உனக்கு எங்க எரியுது? டப்பாவும் நீதான் கட்டினேன்னு வேற சொல்லியிருக்கே. என் பொண்ணு முட்டை நல்லா வேக வைப்பா."

"வெடிக்க வெச்சா மாமா. அடுப்புல போட்டுட்டு போன்ல பேசப் போயிட்டா. மேல பாருங்க, கூரையில இன்னும் மஞ்சளா இருக்கு."

மாமா மேலே பார்த்தார். பார்த்துவிட்டு, "அது முட்டையா? நான் மழைத்தண்ணி ஒழுகுதுன்னு வீட்டுக்காரன்கிட்டச் சண்டை போட்டிருக்கேனே" என்றார். அதற்கும் என்மேல்தான் கோபம் வந்தது. இருவரும் சத்தமாகச் சண்டை போட்டோம். அவள் எதற்கு எவ்வளவு சுளிப்பாள் என்பதில்கூட எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

போன் அடித்தது. பஞ்சு. நனைத்த பஞ்சு திரும்பி வந்திருந்தது.

"தம்பி, கோவமா? என் வாயில வந்ததை மனசுல வெச்சுக்காதே. அந்தம்மா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? அஞ்சு ஸ்டார். 'உண்மை பேசும் ஊழியர்'னு தலைப்புப் போட்டு அரைப் பக்கம். படிச்சு எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. தலைமை ஆபீஸ்லேர்ந்து உன்னைக் கொண்டாடறாங்க. நாற்காலி உனக்குத்தான். நாளைக்கே வந்து ரூம் சாவியை வாங்கிக்கோ."

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் பஞ்சு. "அந்தப் பயிற்சி மேடம் இதை ஒரு முறையாவே பண்ணலாம்ங்கறாங்க. விருந்தினர் முன்னாடி நான் மனைவியைப் பத்திப் புகழ்ந்து சொல்லணும், நீ குறுக்க வந்து மறுக்கணும். இன்னைக்குச் சொன்ன மாதிரியே. அந்த மழை, வெயில் எல்லாம் வேணாம், நீளுது. 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கும் சுளிப்பா'ங்கறதைக் கடைசில வை. அங்க குரல் லேசா உடையணும். இன்னைக்கு உடைஞ்சுது பாரு, அதே அளவு. செய்வேல்ல?"

சாவி இருந்தது. கதவு இருந்தது. ஒரு 'சரி சார்' போதும். ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. அவருடைய நாற்காலியை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. பயிற்சி அம்மாவின் பலூன்களை என்ன செய்யலாம் என்றும் சொன்னேன். பஞ்சு, "நிதானம் தம்பி, நிதானம்" என்று அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதன்பின் அங்கிருந்து சத்தம் இல்லை. போனை வைத்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது.

இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது. வியர்த்துக் கொட்டியது. பலூன் வகுப்பில் இதையெல்லாம் நோய் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசி வார்த்தை எங்க கத்துக்கிட்டே?"

"அவகிட்ட."

"அது என்னோட வார்த்தை. லிஃப்ட் கிணத்துக்குள்ள தனியா இறங்கும்போது மட்டும் சொல்வேன். வீட்டுல ஒரு நாள் சொன்னதில்ல. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியல மாமா. உங்களைப் பத்திப் பேசும்போதுதான் சொல்வா."

மாமா ரேடியோவின் குடலிலிருந்து ஒரு திருகாணியை எடுத்தார், வைத்தார்.

"வேற என்னென்ன சொல்வா?" என்று கேட்டார்.